1969 கமாரோ: கதவு இடுக்குகளில் ஆலைப் பூச்சின் தோற்றத்தை மீட்பது எப்படி?

கேள்வி:
1969-ஆம் ஆண்டுச் செவ்ரோலே கமாரோ கார் ஒன்றைப் புதுப்பித்து வருகிறேன். வெளிப்புறத்துக்கு பேஸ் கோட் (நிறப்பூச்சு), அதன்மேல் கிளியர் கோட் (நிறமற்ற பளபளப்புப் பூச்சு) அடித்தாயிற்று. அதையே கதவு இடுக்குகளிலும் அடித்தால் கண்ணாடிபோல் மின்னி, ஆலைத் தோற்றம் கெட்டுவிடுமோ என்று தயங்குகிறேன். அன்று எப்படிச் செய்தார்கள்?

பதில் 1:
தயக்கம் நியாயமானது. செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது அக்ரிலிக் லாக்கர் என்ற பூச்சைப் பயன்படுத்தியது. கரைப்பான் ஆவியாகி இறுகிய அந்தப் பூச்சு, சூட்டறையில் மீண்டும் இளகிப் பரவும்போதுதான் பளபளப்பைப் பெற்றது. இடுக்குகளை எவரும் தேய்த்து மெருகேற்றவில்லை என்பதால், ஸ்ப்ரே கன் சரியாக எட்டாத மூலைகளில் பூச்சு மெல்லியதாகவும், ஓரங்களில் புகைபோல் படிந்து சற்றே சொரசொரப்பாகவும் இருக்கும். தகடுகள் சேருமிடத்தில் சீலரை (இடைவெளியை அடைக்கும் பசையை) தூரிகையால் இழுத்த தடத்தின்மீதே வண்ணம் அடித்திருப்பார்கள். அருள்கூர்ந்து அதை வழித்துச் சமப்படுத்திவிடாதீர்கள். கீல்களும் வண்டியின் நிறத்திலேயே இருக்கும்.

பதில் 2:
லாக்கர் கிடைக்காவிட்டால் சிங்கிள் ஸ்டேஜ் யூரித்தேனில் (தனிக் கிளியர் கோட் தேவைப்படாத பூச்சில்) பளபளப்பைக் குறைக்கும் கலவையைச் சிறிதளவு சேர்த்து, முதலில் தனித் தகட்டில் அடித்துப் பாருங்கள். மெட்டாலிக் நிறமானால் வெளிப்புறத்தோடு சாயல் வேறுபடக்கூடும். யூரித்தேனை இறுகவைக்கும் ஹார்ட்னரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருப்பதால், வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம் கட்டாயம் தேவை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ரப்பர் பட்டைக்கு அடியில் பழைய பூச்சு எஞ்சியிருக்கிறது. அதையே மாதிரியாகக் கொள்கிறேன்.