பறந்தது முக்கால் மணி, உருண்டது கால் மணி

லண்டன் ஹீத்ரோவிலிருந்து ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 370 கிலோமீட்டர். டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். வேலை விஷயமாக அடிக்கடி போய்வருகிறேன்; அதில் வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம்தான். காபியை வாங்கி ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் கோப்பையைக் கேட்டு வந்துவிடுவார்கள்.

மீதி நேரம் எங்கே போகிறது என்பது முதல் தடவை போனபோதே புரிந்துவிட்டது. சக்கரம் தரையைத் தொட்டதும் அழைத்துப்போக வந்திருந்த நண்பருக்கு, "இறங்கிட்டேன், அஞ்சு நிமிஷத்துல வெளியே வந்துடறேன்" என்று அனுப்பினேன். விமானம் உருள ஆரம்பித்தது. உருள்கிறது, உருள்கிறது, நிற்கிற வழியாக இல்லை. ஜன்னலில் வயல், கால்வாய், மறுபடி வயல். திடீரென்று கீழே பார்த்தால் லாரிகள் ஓடுகின்றன! ஏ5 நெடுஞ்சாலைக்கு மேல் பாலம் கட்டி அதன்மேல் விமானத்தை ஓட்டிப் போகிறார்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போல்டர்பான்" என்று ஒரே வார்த்தையில் விளக்கம் சொன்னார்.

ஸ்கிபோலில் 2003இல் திறந்த ஓடுபாதையின் பெயர் அது. வீடுகளுக்குச் சத்தம் குறைய வேண்டும் என்று ஒதுக்குப்புறமாகப் போட்டார்கள். முனையத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருப்பதால் அதற்கென்றே தனிக் கட்டுப்பாட்டுக் கோபுரம். அங்கே இறங்கினால் கதவு திறக்கக் கால் மணி நேரம் ஆகும். நண்பர் அதற்குள் இரண்டாவது காபிக்குப் போய்விட்டார்.

திரும்பும்போது கதை வேறு. ஹீத்ரோவில் கூட்டம் என்றால் கிழக்கிலிருந்து வருபவர்களை லண்டனுக்கு வடகிழக்கே லாம்போர்ன் பக்கம் வட்டமடிக்க விடுவார்கள், ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு விமானமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி. ஒருநாள் ஒரே ஏரியை நான்கு தடவை பார்த்தேன். ஆனால் கடிகாரம் நம் பக்கம்: லண்டன் ஒரு மணி நேரம் பின்தங்கியது. 9:00க்குப் புறப்பட்டு 9:20க்கு இறங்குவதாக இருந்த டிக்கெட்டைப் பார்த்து அம்மா, "இருபது நிமிஷத்துலயா லண்டன் வந்துடும்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

*

இதைப் படித்த ஒருவரின் பதில்: நான் இப்போதெல்லாம் ரயில்தான். லண்டனின் செயின்ட் பேங்க்ராஸ் ரயில் நிலையத்திலிருந்து ஆம்ஸ்டர்டாம் நடு ஊருக்கே நாலு மணி நேரம் சொச்சம். விமான நிலையத்துக்கு முன்கூட்டியே போவது, பெல்ட்டைக் கழற்றுவது, உங்கள் கால் மணி உருளல், அப்புறம் ஊருக்குள் போகும் ரயில், எல்லாம் கூட்டிப் பாருங்கள்.

*

இன்னொருவரின் பதில்: சரி, குட்டி விமானப் பயணத்தின் உச்சத்தைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குப் போனேன். தூரம் 2.7 கிலோமீட்டர். அட்டவணையில் இரண்டு நிமிடம். உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை. காற்று ஒத்துழைத்த ஒருநாள் 53 வினாடியில் முடிந்ததாம். எட்டுப் பேர் உட்காரும் குட்டி விமானம், விமானி தோளைத் தொடும் தூரத்தில் இருந்தார். கூட வந்த உள்ளூர் அம்மாள் மளிகைப் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. படம் எடுக்கலாம் என்று செல்பேசியின் உறையைத் திறந்து கேமராவைத் தேடினேன். எடுத்த ஒரே படத்தில் புல்தரை இருக்கிறது, பக்கத்திலேயே.