பீட்டில் தரைச்சட்டத்தை வெட்டலாமா? அப்பாவுக்கும் எனக்கும் மூன்று வாரச் சண்டை

மணல்மேடு
அப்பாவும் நானும் சேர்ந்து ஒரு டியூன் பக்கி (மணல்மேடுகளில் ஓட்டும் திறந்த குட்டி வண்டி) கட்டுகிறோம். மணலில் மட்டும் ஓட்ட இல்லை. முறையாகப் பதிவு செய்து, நம்பர் பிளேட் மாட்டி, சாலையில் ஓட்ட வேண்டும். 1970 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்று கிடைத்தது. மேல்கூடு துருப்பிடித்து உதிர்கிறது, அடியில் இருக்கும் தரைச்சட்டம் கெட்டியாக இருக்கிறது. சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றி மேல்கூட்டை இறக்கிவிட்டோம்.

சண்டை இதற்கு அப்புறம்தான். சட்டத்தில் பதினாலேகால் அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு, குட்டையான ஃபைபர் கிளாஸ் கூடு போட வேண்டும் என்பது என் ஆசை. முழு நீளச் சட்டத்துக்கென்றே கூடு கிடைக்கும்போது எதற்கு வெட்டுகிறாய் என்கிறார் அப்பா. அவர் நாற்பது வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தவர், அதனால் எளிதில் மறுக்க முடியவில்லை. நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ரெஞ்ச்36
வெட்டு தம்பி, யோசிக்காதே. இந்த வண்டியின் பிறப்பே குட்டை உருவத்தில்தான். கலிபோர்னியாவில் படகு கட்டிக்கொண்டிருந்த புரூஸ் மேயர்ஸ் 1964இல் மேயர்ஸ் மான்க்ஸ் என்ற பக்கியை முதன்முதலாகச் செய்தார். முதலில் செய்த பன்னிரண்டு வண்டிகளில் பீட்டிலின் தரைச்சட்டமே கிடையாது. ஃபைபர் கிளாஸ் கூட்டிலேயே சஸ்பென்ஷனையும் எஞ்சினையும் மாட்டினார். அதற்குச் செலவு கட்டுப்படியாகாமல்தான் பீட்டில் சட்டத்தைக் குட்டையாக்கி, அதன்மேல் கூட்டை வைக்கும் வழிக்கு வந்தார். 94.5 அங்குல வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) ஏறக்குறைய 80 ஆனது. 1967 ஏப்ரலில் மெக்சிகோவில் லா பாஸுக்கும் டிஹுவானாவுக்கும் இடையிலான தூரத்தை 34 மணி 45 நிமிடத்தில் ஓடி, அதுவரை இருந்த மோட்டார் சைக்கிள் சாதனையை ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக முறியடித்தது மான்க்ஸ். அதே வருடம் நடந்த முதல் மெக்சிகன் 1000 பந்தயத்தையும் ஒரு மான்க்ஸ்தான் வென்றது.

முழு நீளச் சட்டத்தின்மேல் போட்ட பக்கியைப் பக்கவாட்டில் பார். குளியல் தொட்டிக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும்.

மணல்மேடு
தம்பி இல்லை அண்ணா, தங்கை. குளியல் தொட்டி வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். ஆனால் அசையவில்லை.

நிதானம்
உங்கள் அப்பா பக்கம் நான். லா பாஸ் கதை நல்ல கதைதான், ஆனால் அங்கே ஓடியது மண்ணிலும் கல்லிலும். எடை குறைவு என்பதால் ஓடியது, சட்டத்தை வெட்டியதால் இல்லை. அந்தப் பெண் கேட்பது சாலையில் ஓட்டும் வண்டி. எஞ்சின் பின்னால், கியர் பாக்ஸும் பின்னால். பீட்டிலின் கனத்த மேல்கூட்டை எடுத்துவிட்டால் முன்பக்கம் காகிதம் மாதிரி ஆகிவிடும். ஈரச் சாலையில் பிரேக்கை மிதித்தால் முதலில் முன்சக்கரம்தான் பூட்டிக்கொண்டு வழுக்கும். இதில் வீல்பேஸையும் குறைத்தால், வேகத்தில் வண்டி சட்டென்று திரும்பி நிற்கும்.

இன்னொன்றை ரெஞ்ச்36 சொல்லவே இல்லை. பீட்டிலின் சேஸி எண் எங்கே பொறித்திருக்கிறது தெரியுமா? பின் இருக்கைக்கு அடியில், நடு டனலின் மேல் (சட்டத்தின் நடுவே நீளமாக ஓடும் மேடான உள்ளீடற்ற பகுதி). நீங்கள் வெட்டப் போவது அதற்குப் பக்கத்தில்தான். கவனமில்லாமல் கிரைண்டரை ஓட்டினால் வண்டியின் அடையாளமே போய்விடும். பிறகு எந்த அலுவலகத்தில் போய் என்ன பதிவு செய்வீர்கள்? எண் தப்பினாலும், வெட்டின சட்டத்தைப் பழைய வண்டியாகவே ஏற்காத நாடுகள் உண்டு. பிரிட்டனில் 2025இல் விதியைத் தளர்த்தும் வரை, அசல் சேஸியை மாற்றிவிட்டால் பழைய பதிவு எண் கைவிட்டுப் போகும், தனியாக ஒப்புதல் சோதனைக்கும் போக வேண்டியிருந்தது.

ரெஞ்ச்36
எண் தப்பும்படி அளந்து வெட்டினால் போயிற்று. ஆயிரக்கணக்கான பேர் வீட்டுக் கொட்டகையில் செய்த வேலை இது. எல்லோரும் திரும்பித் திரும்பி நின்றுகொண்டா இருக்கிறார்கள்?

சரி, தங்கையே, பின் அச்சு எந்த வகை என்று பார்த்தாயா? கியர் பாக்ஸ் பக்கம் மட்டும் மடங்கி, சக்கரப் பக்கம் மடங்காமல் இருந்தால் அது ஸ்விங் ஆக்சில். வளைவில் வேகமாகப் போகும்போது பின்சக்கரம் உள்ளே மடிந்துகொள்ளும் குணம் அதற்கு உண்டு. அப்படியானால் நிதானம் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டு முனையிலும் மூட்டு இருந்தால் ஐ.ஆர்.எஸ்., அதாவது ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன். கவலையில்லை.

மணல்மேடு
மொத்தம் நான்கு மூட்டு இருக்கிறது. அப்போ ஐ.ஆர்.எஸ்.

தீப்பொறி
வெல்டிங்தான் என் பிழைப்பு. இரண்டு பேரும் வெட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். வெட்டுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன்னும் பின்னும் இருப்பதுதான் வேலை.

முதலில், பெட்ரோல் டாங்க்கை இறக்குங்கள். எரிபொருள் குழாய் டனலுக்குள்ளேதான் ஓடுகிறது. அதைக் காலி செய்து சுத்தப்படுத்தாமல் யாரும் நெருப்பைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. அதே டனலுக்குள் கிளட்ச் கேபிள் குழாய், ஆக்சிலேட்டர் கேபிள் குழாய், கியர் ராடு எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் குறுக்க வேண்டும். ஆக்சிலேட்டர் கேபிளைக் கார்புரேட்டர் பக்கம் நறுக்கி இறுக்கிக்கொள்ளலாம். கிளட்ச் கேபிளின் முனையில் திருகு மரை இருக்கிறது, அதை அப்படி நறுக்க முடியாது, குட்டை கேபிளே வாங்க வேண்டும்.

அப்புறம், சட்டம் கோணாமல் நேராக இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்பே சட்டத்தைச் சமமான மேடையில் போல்ட் போட்டு இறுக்கி, மூலைக்கு மூலை அளந்து எழுதி வையுங்கள். ஒட்டும்போது ஒரே இடத்தில் தொடர்ந்து வெல்ட் செய்தால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும். இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பீட்டிலில் மேல்கூடும் சேர்ந்துதான் வலுக் கொடுத்தது. ஃபைபர் கிளாஸ் கூடு அவ்வளவு கொடுக்காது. அதனால் இரண்டு பக்க ஓரத்திலும் சதுரக் குழாய் சேர்த்து ஒட்டுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்பா ஃபிட்டர் என்றீர்கள். வெல்டரா?

நிதானம்
இதைத்தான் கேட்கக் காத்திருந்தேன். என் அண்ணன் தன் சட்டத்தை ஒரு பட்டறையில் கொடுத்து வெட்டி ஒட்டினான். மூலைக்கு மூலை 11 மில்லிமீட்டர் வித்தியாசம். ஸ்டியரிங்கை விட்டால் வண்டி எப்போதும் இடப்பக்கமே போகும். இரண்டு வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அவன் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ரெஞ்ச்36
பட்டறைக்காரன் அளக்கவில்லை என்றால் அது பட்டறைக்காரனின் தப்பு. குட்டைச் சட்டத்தின் தப்பு இல்லையே!

ஒயர்கட்டு
நடுவில் நுழைகிறேன். நானும் அம்மாவும் ஒரு பக்கி கட்டினோம், அது சாலையில் ஓடுகிறது. சட்டத்தை வெட்டவில்லை, ஆனால் அதைச் சொல்ல வரவில்லை.

எங்களை ஆய்வில் திருப்பி அனுப்பியது பிரேக்கோ சேஸியோ இல்லை, இண்டிகேட்டர். இரும்பு வண்டியில் கூடே எர்த் ஆகிவிடும், விளக்குக்கு ஒரு ஒயர் போதும். ஃபைபர் கிளாஸில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுத்துச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். நான் இழுக்கவில்லை. இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு மங்கலாக மினுக்கியது. ஆய்வாளர் சிரித்துவிட்டார். அம்மா பேசாமல் உட்கார்ந்து மொத்த ஒயரிங்கையும் பிரித்து, நிறம் நிறமாகப் பிரித்துக் கட்டி, மறுபடி போட்டார். நான் டார்ச் பிடித்தேன். அதிலும் இரண்டு தடவை திட்டு வாங்கினேன், சரியான இடத்தில் காட்டவில்லை என்று.

சாலைக்கு வேண்டியதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: ஹெட்லைட் உயரம், கண்ணாடி, வைப்பர், ஹாரன், சக்கரத்தை மூடும் மட்கார்டு, சீட் பெல்ட், ஹேண்ட் பிரேக், சைலன்சர் சத்தம். எந்த ஊர் விதியானாலும் இவற்றில் பெரும்பாலானவை வரும். அகல டயர் மாட்டி, அது மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு திரும்பிப் போனவர்கள் நிறைய. வீல்பேஸ் சண்டையை அப்புறம் போடலாம்.

மணல்மேடு
எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தீப்பொறி அண்ணாவின் கேள்விக்கு அவர் பதில்: "கேட் ஒட்டியிருக்கிறேன், வண்டி ஒட்டியதில்லை." இதை மூன்று வாரமாக என்னிடம் சொல்லவே இல்லை! வெட்ட வேண்டாம் என்றதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று இப்போது புரிகிறது.

பதிவு அலுவலகத்துக்கும் இருவரும் போனோம். சட்டத்தைக் குறைக்கலாமா என்று கேட்டதற்கு, வெட்டும் முன் படமும் அளவும் கொண்டு வாருங்கள், எண் பொறித்த பகுதியைத் தொடக் கூடாது, எழுதிக் கொடுத்த பிறகு வெட்டுங்கள் என்றார்கள். அந்தக் கடிதம் இன்னும் வரவில்லை. வராவிட்டால் குளியல் தொட்டிதான், ரெஞ்ச்36 அண்ணா மன்னிக்கவும்.

வந்தால், அளப்பதும் மேடை கட்டுவதும் அப்பா, வெல்டிங் வெளியாள் என்று பேசி முடித்திருக்கிறோம். இப்போதைக்கு டனல் மேல் சாக்பீஸ் கோடு மட்டும் போட்டிருக்கிறார். நான் போட்ட கோட்டை அழித்துவிட்டு, அதே இடத்தில் அவர் போட்ட கோடு.

கியர் ராடு பற்றி ஒரு சந்தேகம். அதைக் குறுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ரெஞ்ச்36
வெட்டும் முன் ராடின் நீளவாக்கில் ஒரு நேர்கோடு கீறிக்கொள். ஒட்டும்போது இரண்டு துண்டிலும் அந்தக் கோடு ஒரே நேரில் வர வேண்டும். கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் கியர் சரியாக விழாது. உள்ளே ஒரு குழாய்த் துண்டைச் செருகி, அதன்மேல் ஒட்டச் சொல்.

நிதானம்
இதில் நானும் ரெஞ்ச்36 பக்கம். கோட்டைச் சாக்பீஸில் போடாதீர்கள், சூட்டில் போய்விடும். ஊசியால் கீறுங்கள்.