‘சுழல்’ முதல் பருவம்: மயானக்கொள்ளை கதையின் உயிரா, வெறும் பின்னணியா?

நல்லூர் வாசகி:
உறவுகளுக்கு வணக்கம். 2022 ஆம் ஆண்டு அமேசான் பிரைமில் வெளிவந்த ‘சுழல்’ தொடரின் முதல் பருவத்தைப் பலர் சொல்லியும் பார்க்காமல் விட்டிருந்தேன். எட்டுப் பகுதிகளையும் கடந்த வாரந்தான் பார்த்து முடித்தேன். சாம்பலூர் என்ற கற்பனை ஊரில், சீமெந்துத் தொழிற்சாலை எரிகின்ற அதே இரவில், தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். ஊரோ அங்காளம்மனுக்கு எடுக்கும் மயானக்கொள்ளைத் திருவிழாவில் மூழ்கியிருக்கிறது. அதிகாரமும் தாய்மையும் ஒரே முகத்தில் முட்டிக்கொள்வதை, பொலிஸ் அதிகாரியாக வரும் சிரேயா ரெட்டி காட்டிய விதம் என்னை இன்னும் விட்டு நீங்கவில்லை. சண்முகமாக வரும் பார்த்திபனும் தன் வழக்கமான சொல்விளையாட்டை ஒதுக்கிவைத்து, நொறுங்கிப்போன ஒரு தகப்பனாகவே நின்றிருக்கிறார்.

ஆனால் ஒரு ஐயம். எங்கள் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் இந்த விழாவை நான் கண்டதில்லை. அதனாலோ என்னவோ, திருவிழாக் காட்சிகளை முழுவதுமாக எடுத்துவிட்டாலும் துப்பறியும் கதை குலையாமல் நிற்கும் என்றே எனக்குப் பட்டது. உங்களுக்கும் அப்படித் தோன்றியதா? இன்னும் பார்க்காதவர்களுக்காகக் குற்றவாளி யாரென்பதை மட்டும் தவிர்த்து எழுதுங்கள்.

மாவிட்டபுரத்தான்:
தங்கையே, நான் உடன்படவில்லை. மகாசிவராத்திரிக்குக் கீரிமலையில் விழித்திருந்துவிட்டு நாங்கள் வீடு திரும்பும் நேரத்தில், தமிழ்நாட்டின் மேல்மலையனூரிலும் வேறு பல ஊர்களிலும் அங்காளம்மன் மயானத்துக்குப் புறப்படுகிறாள். மாசி அமாவாசையில் நடக்கும் அந்த விழாவின் கதையை அறிந்தால் தொடர் வேறாகத் தெரியும். பிரமனின் தலையைக் கொய்த சிவனின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொள்கிறது. இடுகிற உணவையெல்லாம் அதுவே உண்டுவிடுவதால் அவர் பசியோடு அலைகிறார். அம்மன் உணவை மயானத்து நிலத்தில் இறைக்க, அதை உண்ண இறங்கிய கபாலம் மீண்டும் கையேற முடியாமற்போகிறது.

கையில் ஒட்டிக்கொண்டு, வாழ்வைத் தின்றுகொண்டே இருக்கிற ஒன்று. நிலாவின் அக்கா நந்தினியின் மனத்தில் இருப்பது அதுதானே? சிறுவயதில் தனக்கு நேர்ந்ததை எவரிடமும் சொல்ல முடியாமற் சுமந்தவள் அவள். தொடரை எழுதிய புஷ்கரும் காயத்ரியும் அந்தச் சுமை வெளியே வருவதை அம்மனின் ஆட்டத்தோடு சேர்த்து வைத்தது தற்செயல் அன்று. பெண் தெய்வத்தின் முன்னால் ஊரே விழுந்து கும்பிடுகிறது. அந்த ஊரின் ஒரு பெண் பிள்ளைக்குத் தன் சொந்த வீட்டிலேயே காவல் இல்லை. திருவிழாவை எடுத்துவிட்டால் இந்த முரண் எங்கே நிற்கும்?

காங்கேசன்துறையான்:
திருவிழாவைப் பற்றி ஐயா சொன்னதை ஏற்கிறேன். என் மனக்குறை சீமெந்துத் தொழிற்சாலை பற்றியது. என் தந்தையார் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1950 இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை 1990 இல் போரினால் மூடப்பட்டபோது, எங்கள் வீட்டில் நின்றுபோனது சம்பளம் மட்டும் அன்று. வேலை நேரமுறையை வைத்தே சமையலும் உறக்கமும் நடந்த ஒரு வீடு அது; வேலியிலும் பூவரசம் இலையிலும் படிந்த சாம்பல் நிறத் தூசியைக்கூட, இடம்பெயர்ந்து போன ஊர்களில் அம்மா நினைத்துச் சொல்லுவார்.

ஆகவே முதற் பகுதியில் ஆலை எரிந்தபோது நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். வேலைநிறுத்தம், சங்கம், முதலாளி, பொலிஸ் என்று பிரம்மா இயக்கிய முதல் நான்கு பகுதிகளும் ஒரு தொழிலாளர் ஊரை அருமையாகக் கட்டியெழுப்பின. அனுசரண் இயக்கிய பின் நான்கிலும் விறுவிறுப்புக் கூடியது. ஆனால் வேலையிழந்த குடும்பங்கள் கண்ணிலிருந்து மெல்ல மறைந்துவிட்டன. அந்தப் பெண் பிள்ளையின் துயரமே கதையின் மையமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. இருந்தாலும், ஆலை எரிந்த பிறகு அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை ஒரு காட்சியிலாவது சொல்லியிருக்கலாம்.

ஆசிரியை:
ஒரு வேண்டுகோள். இத்தொடர் சிறுவர் மீதான பாலியல் துன்புறுத்தலைப் பேசுகிறது என்பதை அறியாமல், துப்பறியும் கதை என்று நினைத்துக் குடும்பமாகப் பார்க்க உட்காராதீர்கள். நான் தனியாகப் பார்த்து முடித்துவிட்டு, பதினாறு வயதான என் மகளோடு இரண்டாம் முறை பார்த்தேன். இடையிடையே நிறுத்தி நாங்கள் கதைத்த விடயங்களை, என் தாயாரோடு ஒருநாளும் நான் கதைத்ததில்லை.

நல்லூர் வாசகி:
மூவருக்கும் நன்றி. கபாலத்தின் கதையை அறியாமற் பார்த்தது என் குறைதான். ஆனாலும் ஐயா, அந்தக் கதை தெரியாத பார்வையாளருக்கு அதைத் தொடரே இன்னும் தெளிவாக உணர்த்தியிருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு மாறவில்லை. 2025 இல் வந்த இரண்டாம் பருவத்துக்குப் போகுமுன், நந்தினி வருகிற பகுதிகளை மட்டும் மீண்டும் பார்க்கப் போகிறேன்.