ரெண்டாம் வருஷ பி.ஜி. கையில டிரில் எப்போ வரும்?

பிளாஸ்டர்ரூம்:
எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவை சிகிச்சை) சேர்ந்து 14 மாசம். நானா செஞ்சது கே-வயர் (எலும்பைப் பிடிக்கிற மெல்லிய கம்பி), இம்ப்ளான்ட் ரிமூவல் (பழைய பிளேட், ஸ்க்ரூ எடுக்கிறது), எக்ஸ்டர்னல் ஃபிக்சேட்டர் (காலுக்கு வெளிய மாட்டுற கம்பிச் சட்டம்) ரெண்டு. மத்தபடி ஆபரேஷன்ல சதையை விலக்கிப் பிடிக்கிற ரிட்ராக்டர் பிடிக்கிறேன், எக்ஸ்ரே தேடுறேன், ஃபிட்னஸ் கேட்டு அனஸ்தீசியா வாசல்ல நிக்கிறேன். வேற காலேஜ்ல இருக்கிற பேட்ச்மேட் டி.எச்.எஸ். (இடுப்புக்கிட்ட தொடை எலும்பு முறிஞ்சா போடுற ஸ்க்ரூவும் பிளேட்டும்) முழுசா போட்டுட்டான். மொத்தமே மூணு வருஷம்; அதுல மூணு மாசம் மாவட்ட ஆஸ்பத்திரி ரெசிடென்சி, நடுவுல தீசிஸ். வருஷத்துக்கு இத்தனை கேஸ்னு கட்டாயமாக்கணும்.

பழையயூனிட்:
எண்ணிக்கை வெச்சா செஞ்ச கேஸை எழுதுற லாக்புக்தான் நிறையும் தம்பி. டி.எச்.எஸ். ஸ்க்ரூ நுனிக்கும் தொடை எலும்புத் தலையோட உச்சிக்கும் உள்ள தூரத்தை நேர்ப்படம், பக்கவாட்டுப் படம் ரெண்டுலயும் அளந்து கூட்டினா 25 மி.மீ.க்குள்ள நிக்கணும். தாண்டினா ஸ்க்ரூ தலையைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வர வாய்ப்பு அதிகம். பாட்டிக்கு மறுபடி ஆபரேஷன்.

நான் டிரில் கொடுக்கிறதுக்கு முன்னாடி வார்டைத்தான் பார்ப்பேன். கீழ்க்கால் முறிவுக்குக் கட்டு போட்ட பையன் ராத்திரி 2 மணிக்குக் கத்துறான், கால் விரலை நீட்டினாலே துடிக்கிறான். ஊசி போடச் சொல்லிட்டுப் படுக்கிறவனா, கட்டை உள்பஞ்சோட சேர்த்துத் தோல் தெரியற வரைக்கும் பிளந்துட்டு எனக்கு ஃபோன் அடிக்கிறவனா?

பிளாஸ்டர்ரூம்:
பிளந்தவன் நான்தான் சார். விடியறதுக்குள்ள ஃபேசியாட்டமி (உள்ள அழுத்தம் ஏறின தசையோட உறையைக் கீறி விடுறது) ஆச்சு, கால் பிழைச்சுது. அடுத்த வார லிஸ்ட்ல எனக்குக் கிடைச்சது? அதே ரிட்ராக்டர்.

லண்டன்ட்ரெய்னி:
இங்க ஈ-லாக்புக்ல ஒவ்வொரு கேஸுக்கும் கோட் உண்டு: உதவி பண்ணினேன், சீனியர் ஸ்க்ரப் ஆகி (கை கழுவி, கவுன், கிளவுஸ் போட்டு) கூட நின்னார், ஸ்க்ரப் ஆகாம தியேட்டர்ல இருந்தார், தனியா செஞ்சேன். யார் எந்தப் படியில இருக்காங்கன்னு ஒளிக்க முடியாது. ஆனா ஒண்ணு, எஸ்.டி. (ஸ்பெஷாலிட்டி ட்ரெய்னிங்) 3-லேர்ந்து 8 வரைக்கும் ஆறு வருஷம் இருக்கு எங்களுக்கு.

மதுரைமருமக:
நான் டாக்டர் இல்ல. எங்க அத்தைக்கு இடுப்புல ஆபரேஷன் ஆச்சு. யார் பண்ணினாங்கன்னு கேட்டா 'யூனிட்'னு சொன்னாங்க. யூனிட்டுக்குக் கை இருக்கா? பி.ஜி. பண்ணினா வேணாங்கல, பெரிய டாக்டர் கூட இருந்தாரான்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல?

பழையயூனிட்:
அது எங்க தப்புதாம்மா. கன்சென்ட்லயே சொல்லணும்.

தம்பி, என் முதல் டி.எச்.எஸ். சொல்றேன். சீஃப் எக்ஸ்ரே தடுக்கிற லெட் ஏப்ரன் மேல கவுன் போட்டுக்கிட்டு, கையை மார்ல கட்டிக்கிட்டு நின்னார். நாலு தடவை ஸ்க்ரூவுக்கு வழி காட்டுற கைடு வயர் விட்டேன், நாலு தடவையும் சி-ஆர்ம் (தியேட்டர் எக்ஸ்ரே) பார்த்துட்டு "எடு"ன்னார். தியேட்டர் சிஸ்டர் கடிகாரத்தையே பார்க்கிறாங்க. அஞ்சாவதுக்கு ஒண்ணும் சொல்லல, எலும்பைக் குடையற ரீமரை வாங்கி அவரே போட்டார். அப்போ எரிச்சலா இருந்துச்சு. வயரை உருவிட்டுத் திரும்ப விடலாம். ரீம் பண்ணின எலும்பு திரும்ப வராது. அதனால முழு கேஸ் கேக்காத, துண்டா கேளு.

பிளாஸ்டர்ரூம்:
அந்தத் துண்டைத்தான் எழுத்துல கேக்குறேன் சார். உங்க சீஃப் வயர் கொடுத்தார். எங்க யூனிட்ல சீஃப் மாறினா எல்லாம் முதல்லேர்ந்து.

பழையயூனிட்:
சரி, அது நியாயம். ஃபிராக்சர் டேபிள்ல ரிடக்ஷன் (முறிவை நேராக்கிச் சேர்க்கிறது) யார் பண்றா?

பிளாஸ்டர்ரூம்:
காலைக் கட்டுறது நானும் ஹவுஸ் சர்ஜனும். இழுத்துச் சேர்க்கிறது அசிஸ்டென்ட் ப்ரொஃபசர்.

பழையயூனிட்:
அப்போ வயருக்கு முன்னாடி அதைக் கேளு. வர்ற லிஸ்ட்லயே.