பொதிவாரி உகப்பாக்கத் தெரிவு: ஒரு முன்மொழிவு

அன்புடையீர்,

கொழும்பில் நாம் தொகுத்துவரும் முறைமை நிருவாகக் கையேட்டில், குறிப்பிட்ட பொதிகளுக்கென்று (தனித்தனியே நிறுவத்தக்க மென்பொருள்கள்) தொகுப்பிக்கு, அதாவது மூலநிரலை இயந்திரக் குறிமுறையாக மாற்றும் நிரலுக்கு, தனியாக இடும் உகப்பாக்கக் கட்டளைகளைக் குறிக்க 'பொதிக் கொடி' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. சுருக்கமான சொல்தான், ஆயினும் அதனை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மாற்றாகப் 'பொதிவாரி உகப்பாக்கத் தெரிவு' என்பதை முன்மொழிகிறேன்.

'கொடி' ஏற்கெனவே வேறு பணியில் இருக்கிறது. கணினியின் மையச் செயலி தன் நிலையைக் குறித்துவைக்கும் நிலைப்பதிவகத்தில் ஏறியோ இறங்கியோ நிற்கும் ஒற்றை பிட்டை அது குறிக்கிறது. ஜிசிசி தொகுப்பியின் உகப்பாக்கமோ ஓ0, ஓ1, ஓ2, ஓ3 எனப் படிப்படியாக ஏறுவது. பொதிகளை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவும் லினக்ஸ் வழங்கலான ஜென்டூவில் சிக்கல் இன்னும் கூடுகிறது. அங்கே யூஸ் கொடிகள் என்பவை ஒரு பொதியில் எந்த வசதிகள் சேர வேண்டும், எவை விடுபட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவையேயன்றி, இயந்திரக் குறிமுறையைத் தொகுப்பி எவ்வாறு ஆக்க வேண்டும் என்று சொல்பவையல்ல. இரண்டையும் கொடி என்றே எழுதினால், யூஸ் கொடிகளுக்கான பேக்கேஜ்.யூஸ் கோப்புக்கு உரியதை, பொதிவாரித் தொகுப்பு அமைப்புகளுக்கான பேக்கேஜ்.என்வி கோப்பில் இடும் மாணவரைக் குறைகூற இயலாது. ஆதலால் 'தெரிவு' என்பதே பொருந்தும்.

'பொதிதோறும்' என்ற மாற்றும் எனக்கு உடன்பாடன்று. அது விடுபாடின்றி எல்லாப் பொதிகளையும் சுட்டிவிடும். நடைமுறையிலோ மேக்.கான்ஃப் கோப்பில் முழு முறைமைக்கும் ஓ2 என வைத்துவிட்டு, விலக்கு வேண்டிய சில பொதிகளுக்கு மட்டும் என்வி அடைவில் சிறு கோப்பொன்றை எழுதி, அதனைப் பேக்கேஜ்.என்வியில் பொதியின் பெயரோடு இணைக்கிறோம். தேர்தல் முடிவுகளை மாவட்டவாரியாகக் கேட்டுப் பழகிய நம் வாசகருக்கு 'வாரி' அந்நியமாகத் தோன்றாது.

'உகப்பாக்கம்' என்பதற்குப் பதிலாக 'விரைவாக்கம்' என்ற சொல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்க வேண்டாம் என வேண்டுகிறேன். ஜிசிசியின் ஓஎஸ் என்ற தெரிவு குறிமுறையின் அளவைச் சுருக்குவதற்கானது. ஓ3 குறிமுறையைப் பருக்கச் செய்து சில நிரல்களை மெதுவாக்குவதும் உண்டு. ஓஃபாஸ்ட் என்ற தெரிவு, ஐஇஇஇ 754 தரநிலை வகுத்த மிதவைப்புள்ளி (பின்ன எண் கணக்கீட்டு) விதிகளைத் தளர்த்துவதால், அறிவியல் கணிப்புப் பொதியொன்றின் விடையே மாறிவிடக்கூடும்; வேகம் என்ற ஒரு சொல்லை நம்பி அதனை முழு முறைமைக்கும் இடுபவர் பிழையான விடைகளைச் சரியென நம்பிவிடுவார்.

பதிவுக்கான வரைவு வருமாறு:

பொதிவாரி உகப்பாக்கத் தெரிவு: முறைமைக்குப் பொதுவான அமைப்பிலிருந்து விலகி, குறிப்பிட்ட பொதியொன்றைத் தொகுக்கும்போது மட்டும் தொகுப்பிக்கு அளிக்கப்படும் உகப்பாக்கக் கட்டளை.