ரேஸ் ஓடி ஓய்ஞ்ச குதிரையை வீட்ல மாட்டோட வச்சு வளர்க்கலாமா? டெல்டா பக்கம் இருக்கவங்க சொல்லுங்க

வெண்ணாத்தங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருத்துறைப்பூண்டி பக்கம், நெல்லு உளுந்துன்னு விவசாயம், கொட்டகையில நாலு மாடு. பொண்ணு ஆறாவது படிக்கிறா. அவளுக்கு குதிரைன்னா உசுரு. நோட்டு அட்டை பூரா குதிரைதான், அதுலயும் ஓடுற குதிரையை வரைய மாட்டா, நிக்கிறது, புல்லு மேயுறது, குனிஞ்சு தண்ணி குடிக்கிறதுன்னு வரைவா.

எனக்கு குதிரைன்னா அய்யனார் கோயில் வாசல்ல நிக்கிற மண்குதிரை, மாப்பிள்ளை அழைப்புக்கு வர்ற குதிரை, காணும் பொங்கலுக்கு திருக்கடையூர் பக்கம் ரேக்ளா ஓடுறது, இவ்வளவுதான். பக்கத்து ஊர்ல ரேக்ளாவுக்கு குதிரை வளர்க்கிற பெரியவர் ஒருத்தர் இருக்கார், லீவு நாள்னா அங்க போவணும்னு ஒத்தக்கால்ல நிப்பா, புள்ளைய தனியா அனுப்ப முடியாதுன்னு நானும் கூட போய் திண்ணையில உக்காந்திருப்பேன். ஒரு நாள் "அப்பா அது காதைப் பாருங்க"ன்னா. பார்த்தா ஒரு காது இவ பக்கம் திரும்பியிருக்கு, இன்னொரு காது ரோட்ல போற டிராக்டர் பக்கம் இருக்கு. ரெண்டு எடத்தையும் ஒரே நேரத்துல கவனிக்குதுப்பாங்கறா. பொறந்ததுலேர்ந்து மாட்டோட கிடக்குற ஆளு நான், ஒரு பிராணி காதுல இவ்வளவு சேதி இருக்கும்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் திண்ணையில உக்காரவே முடியல, நானும் கிட்ட போய் நிக்க ஆரம்பிச்சுட்டேன்.

குளம்பு சுத்தம் பண்றதை பெரியவர் அவளுக்கு சொல்லிக் குடுத்தார். தோள்பட்டைக்கிட்ட நின்னு கையை மேலேர்ந்து காலோட அப்படியே கீழ எறக்கி "தூக்கு"ன்னு சொன்னா குதிரை தானா காலைக் குடுக்குது. அடியில முக்கோணமா மெத்துன்னு ஒரு பாகம் இருக்கு, அதுக்கு ரெண்டு பக்கமும் பள்ளம், அந்தப் பள்ளத்துல நம்ம களிமண்ணு போய் இறுகி அதுக்குள்ள சின்ன சின்ன கல்லு. கொக்கியால அவ எடுத்து முடிக்கிற வரைக்கும் குதிரை நின்னுச்சு, நடுவுல தலையைத் திருப்பி அவ சட்டையை மேல் உதட்டால தடவிப் பார்த்துச்சு.

வேதாரண்யத்துல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனப்ப கோடியக்கரைக்கும் கூட்டிட்டுப் போனேன். அது 1967லேர்ந்து வெளிமானுக்காக உள்ள சரணாலயம், எல்லாரும் மான் பார்க்கத்தான் வர்றாங்க, நாங்க ரெண்டு பேரும் மட்டும் அங்க தன்னிச்சையா திரியுற மட்டக்குதிரைங்களைத் தேடிக்கிட்டு இருந்தோம். வெயில்ல ரெண்டு குதிரை தலைமாத்தி நின்னுச்சு, இதோட வாலு அதோட மூஞ்சிக்கு ஈ ஓட்டுது, அதோட வாலு இதுக்கு. கிளம்ப எனக்குத்தான் மனசு வரல.

இப்ப விஷயம் என்னன்னா பெரியவர்கிட்ட ஒரு பெண் குதிரை இருக்கு, வயசு பதினாலு பதினஞ்சு இருக்கும்கிறார், பந்தயத்துக்கு இனிமே விட மாட்டார். நல்ல சாது. நீங்க பார்த்துக்குவீங்கன்னா கொண்டு போங்கன்னு சொல்றார். பொண்ணும் வேற எந்த குதிரையும் வேணாம் அதுதான் வேணும்கிறா. மாட்டுக் கொட்டகை பக்கத்துல கட்டலாமா? வைக்கோல் போதுமா? பொண்ணு ஏறி ஓட்டலாமா? ஐப்பசி மழைக்கு என்ன பண்ணுவீங்கன்னு வீட்ல கேக்குறாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

எல்லைப்பந்தயம்_மாயவரம்:

அண்ணே வணக்கம், எங்க வீட்ல தாத்தா காலத்துலேர்ந்து குதிரை உண்டு. முதல்ல ஒன்னு சொல்றேன், வயசான சாதுக் குதிரைதான் சின்னப் புள்ளைங்க உள்ள வீட்டுக்கு சரி. நிறைய பேர் ஆடி மாசம் அந்தியூர் சந்தைக்குப் போய் மார்வாரி குட்டியைப் பார்த்து மயங்கி வாங்கிட்டு வந்துடுறாங்க, பழக்கத் தெரியாம குட்டியும் கெட்டு மனுசனுக்கும் அடிபட்டு கடைசியில பாதி வெலைக்குத் தள்ளி விடுறாங்க. உங்களுக்கு அந்தப் பெரியவர் கூடவே இருக்கார், அது பெரிய பலம்.

வீட்ல கேட்டது ரொம்ப சரியான கேள்வி. நம்ம பக்கம் குதிரைக்கு எமன் ஈரம்தான். சொதசொதன்னு சேத்துல நின்னா நீங்க சொன்ன அந்தப் பள்ளம் இருக்கு பாருங்க, அங்கதான் முதல்ல அழுகும், கருப்பா கசியும், நாத்தம் குடலைப் புடுங்கும். அதனால தரையை ஒரு முழமாவது உசத்தி கிராவல் அடிச்சு மேல மணல் போட்டு தண்ணி வடிய சரிவு வச்சுடுங்க. மழைக்கு முன்னாடி இதைப் பண்ணாம குதிரையைக் கொண்டு வராதீங்க, என்னைக் கேட்டா தை பொறந்து தரை காஞ்சப்புறம் கொண்டு வாங்க. குளம்பு தினமும் பார்க்கணும், ஆறு வாரத்துலேர்ந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆளை வச்சு சீவணும், ரோட்ல ஓட்டலைன்னா லாடம் அவசியமான்னு பெரியவரைக் கேட்டுக்குங்க.

அப்புறம் பாப்பாவுக்கு ரெண்டு விஷயம் மண்டையில ஏத்துங்க. கயித்தை கையில சுத்திப் புடிக்கவே கூடாது, குதிரை மெரண்டா கையையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். பின்னாடிலேர்ந்து சத்தம் இல்லாம போகக்கூடாது, நேர் பின்னாடி நிக்கிற ஆள் அதுக்குக் கண்ணு தெரியாது.

ஒரத்தநாடு_வெட்:

சார், நான் கால்நடை டாக்டர், ஒரத்தநாடு கல்லூரியில படிச்சவன். மாடு வளர்க்கிறவங்க குதிரை வாங்குறப்ப எனக்கு வர்ற பயமே மாட்டுக்குப் பண்றதை அப்படியே குதிரைக்கும் பண்ணிடுவாங்களேன்னுதான்.

மாடு கட்டுன எடத்துல தின்னுட்டு படுத்து அசை போட்டுக்கும். குதிரைக்கு இரைப்பை சின்னது, அசை போடாது, கொஞ்சம் கொஞ்சமா நாள் பூரா மேஞ்சுக்கிட்டே இருக்கணும். வாந்தியும் எடுக்க முடியாது, உள்ள போனது போனதுதான். வெறும் வைக்கோல் போட்டா சத்தும் இல்ல, தண்ணி குறைஞ்சா குடல்ல அடைச்சுக்கும், மழையில நனைஞ்சு பூஞ்சை புடிச்ச கட்டுன்னா கிட்டயே கொண்டு போகாதீங்க. அருகம்புல் நல்லது, மருந்து அடிச்ச வரப்புல அறுக்காதீங்க. கோ 4 புல்லு மாட்டுக்கு சரி, குதிரைக்கு அதையே தினமும் முழுத்தீனியா போட்டா அதுல உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் புடிச்சு வச்சுக்கும், எலும்பு கெடும். குதிரைமசால்னு ஒரு பசுந்தீவனப் பயிர் இருக்கு, அது தண்ணி நிக்கிற களிமண்ணுல வராது, அதுக்குப் பதிலா வேலிமசால் போட்டுப் பாருங்க. கொள்ளு ஊற வச்சு வேக வச்சு குடுக்கலாம், ஆனா பந்தயத்துல ஓடுனப்ப தின்ன அளவு இப்ப குடுத்தா குளம்பு வீக்கம் வந்து நிக்க முடியாம போயிடும்.

ரொம்ப முக்கியம்: மாட்டுக்கு வாங்குற கலப்புத் தீவனத்தைக் குதிரைக்கு வைக்காதீங்க. சிலதுல மோனென்சின்னு ஒரு மருந்து கலந்திருக்கும், மாட்டுக்கு ஒன்னும் பண்ணாது, குதிரைக்கு இருதயத்தைத் தாக்கி ஆளையே சாய்ச்சிடும்.

மாட்டோட கட்டலாமான்னா, சர்ரான்னு ஒரு நோய் இருக்கு, கடிக்கிற ஈ பரப்புறது. மாடு வெளியில காட்டாமலே அந்தக் கிருமியை வச்சிருக்கலாம், குதிரைக்கு வந்தா விட்டு விட்டு காய்ச்சல், உடம்பு இளைக்கும், காலும் அடிவயிறும் வீங்கும். அதனால கொட்டகை கொஞ்சம் தள்ளி இருக்கட்டும், சாணியை அன்னன்னைக்கே அள்ளிடுங்க, கொண்டு வர்றதுக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. டெட்டனஸ் ஊசி கட்டாயம், குதிரை அந்த நோய்க்கு ரொம்ப சீக்கிரம் விழும். பல்லையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க, இந்த வயசுல பல்லு ஓரம் கூராகி மென்னதை உருண்டை உருண்டையா கீழ போடும்.

காலால தரையைப் பறிக்குது, வயித்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்குது, உருளுது, லத்தி போடலைன்னா வயித்து வலி. உடனே தீனியை எடுத்துட்டு டாக்டரைக் கூப்பிடுங்க, மாட்டுக்கு ஊத்துற மாதிரி மூங்கில் குழாய்ல எண்ணெய் கஷாயம்னு எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும்.

குடந்தை_அம்மா:

படிக்கவே சந்தோஷமா இருக்கு சகோ. எங்க பையனும் இப்படித்தான், தாராசுரம் கோயிலுக்குப் போனா ஐராவதேஸ்வரரைக் கும்பிடுறதுக்கு முன்னாடி அந்தத் தேர் மண்டபத்தை இழுக்குற கல்குதிரைக்கிட்ட போய் நிப்பான். அவன் காட்டித்தான் நானே அதோட முன்னங்கால் மடங்கியிருக்கிறதைப் பார்த்தேன், எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கேன். நம்ம மண்ணுக்கும் குதிரைக்கும் பழைய உறவுங்க, சங்க காலத்துலயே பூம்புகாருக்கு கப்பல்ல குதிரை வந்து எறங்கியிருக்கு.

ஒரு கேள்வி மட்டும், தப்பா நினைக்காதீங்க. குதிரை நல்லாப் பார்த்துக்கிட்டா இருபத்தஞ்சு வயசைத் தாண்டியும் இருக்கும்னு சொல்றாங்க. பாப்பா பன்னெண்டாவது முடிச்சு ஹாஸ்டல் போயிட்டா அப்புறம் யார் பார்ப்பாங்க? ஏறி ஓட்டுறதுன்னா ஹெல்மெட் இல்லாம வேணாம், வண்டி இழுத்துப் பழகுன குதிரை முதுகுல ஆள் ஏறுனா எப்படி இருக்கும்னு தெரியாது, முதல்ல தெரிஞ்சவங்க ஏறிப் பழக்கட்டும்.

வெண்ணாத்தங்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, டாக்டர் சார் எழுதினதை பிரிண்ட் போட்டு கொட்டகையில ஒட்டப் போறேன். தீவன விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது, மாட்டுக்கு வாங்குறதையே அதுக்கும் போடலாம்னுதான் இருந்தேன்.

குடந்தை அம்மா கேட்டதுக்கு: நான் பார்ப்பேன்மா. இப்பவே வயலுக்குப் போறப்ப சுத்தி அந்தப் பெரியவர் வீட்டு வழியாத்தான் போறேன், பொண்ணு ஸ்கூல்ல இருக்கிற நேரத்துலயும் போறேன். சைக்கிள் சத்தம் கேட்டா தலையைத் தூக்கும், மூச்சை மெதுவா பட்பட்னு விடும். பொண்ணு படிக்கப் போனா போவட்டும், எங்க போனாலும் லீவுக்கு வந்து பார்க்க அது இங்க இருக்கும். இந்தக் குதிரை இனிமே எனக்கும் வேணும்.

கிராவலுக்கு சொல்லிட்டேன், தை மாசம் கூட்டிட்டு வர்றதா முடிவு. ஓட்டுறது பத்தி அவசரமே இல்லைன்னு பொண்ணே சொல்லிட்டா, கூட நடந்தா போதுமாம். ஒரு சந்தேகம் பாக்கி. கோடியக்கரையில அதுங்க ஜோடியா நின்னதைப் பார்த்ததுலேர்ந்து இதைத் தனியா கொண்டு வந்து கட்ட மனசு வரல. மாடு தள்ளித்தான் இருக்கும்னா துணைக்கு ஆடு ஏதாவது விடலாமா?

எல்லைப்பந்தயம்_மாயவரம்:

விடலாம்ணே, வெள்ளாடு சில குதிரைக்கு நல்லா ஒட்டிக்கும், சிலது சேர்க்காது, முதல்ல வேலிக்கு அந்தப் பக்கம் விட்டுப் பாருங்க. மாடு தள்ளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியுற மாதிரி வாசலை வைங்க. பெரியவர் வீட்ல இத்தனை வருஷம் அது பக்கத்துல நின்ன குதிரை எதுன்னு கேட்டு வச்சுக்குங்க, பக்கத்து ஊர்தானே, நீங்களும் பாப்பாவும் நடத்திக் கூட்டிட்டுப் போய் கொஞ்ச நேரம் அதோட மேய விட்டுட்டு வாங்க.