காடியாண்டன் கொள்ளையர் ஃப்ரீமேசன்களா? மார்மன் புஸ்தகத்தின் தோற்றம் பற்றிய ஒரு விவாதம்

சுவடிப்பித்தன்:
பண்டை அமெரிக்க மக்கள் தங்கத் தகடுகளில் பொறித்த வரலாற்றை இறையருளால் மொழிபெயர்த்ததாகச் சொல்லி, ஜோசப் ஸ்மித் 1830 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் பால்மைராவில் மார்மன் புஸ்தகத்தை வெளியிட்டார். அதில் வரும் இரகசியக் கூட்டமான காடியாண்டன் கொள்ளையரைப் படிக்கையில் எனக்குத் தெரிவது அந்த மாநிலத்தின் 1820களே. இரகசியச் சடங்குகள் கொண்ட சகோதர சங்கமான ஃப்ரீமேசன்களின் சடங்குகளை அம்பலப்படுத்தி நூல் அச்சிட முனைந்த வில்லியம் மோர்கன், 1826 செப்டம்பரில், பால்மைராவுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கேயுள்ள கேனன்டேகுவா சிறை வாசலிலிருந்து கடத்தப்பட்டு நயாகரா கோட்டை வரை கொண்டு செல்லப்பட்டார்; பிறகு அவர் என்ன ஆனார் என்பது இன்றளவும் துலங்கவில்லை. இரகசியச் சத்தியம், சங்கேதக் குறி, ஒருவர் குற்றத்தை மற்றவர் மறைத்தல் என்று அன்றைய பத்திரிகைகள் மேசன்கள்மீது சுமத்திய அத்தனையும் மார்மன் புஸ்தகத்தின் ஏலமன் என்ற பகுதியின் ஆறாம் அதிகாரத்தில் இருக்கின்றன.

திண்ணைவாசகர்:
ஐயா, சத்தியம் செய்து கொலையில் இறங்கும் கூட்டம் எந்த நாட்டில், எந்தக் காலத்தில் இல்லை? காடியாண்டன் கூட்டத்தார் மலைகளில் பதுங்கி, ஊர்களைச் சூறையாடி, தலைமை நீதிபதியைக் கொன்று ஆட்சியைப் பிடிக்க முயல்கிறார்கள். மேசன்களுக்கே உரிய படிநிலைகளோ, சாலொமோன் ஆலயக் கட்டடக் கலைஞர் கதையோ அங்கே இல்லை. அதைவிட, மேசன்களை வெறுத்து இதை எழுதியவர் என்றால், ஸ்மித் 1842இல் இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில் தாமே மேசனாகச் சேர்ந்தது ஏன்? அவருடைய அண்ணன் ஹைரம் நியூயார்க்கில் இருந்தபோதே மேசன்.

ஏட்டுக்காரன்:
சாலமன் ஸ்பால்டிங் என்பவர் எழுதிய கதையைத் திருடியதுதான் அந்த நூல் என்று 1834இலேயே ஓஹாயோவில் எழுதிவிட்டார்களே, இதில் வாதிட என்ன இருக்கிறது?

சுவடிப்பித்தன்:
ஸ்பால்டிங்கின் கையெழுத்துப்படி ஒன்று 1884இல் ஹொனலூலுவில் கிடைத்தது. அதற்கும் இந்நூலுக்கும் கதையிலோ நடையிலோ சொல்லத்தக்க உறவில்லை என்பதால், அந்தக் கதவு பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டது.

திண்ணைவாசகர் கேட்டதற்கு வருகிறேன். மோர்கன் விவகாரத்தில் மக்களைக் கொதிக்க வைத்தது கடத்தல் மட்டுமன்று. கடத்தியோருக்கு ஒரு மாதம் முதல் இரண்டாண்டு வரையே சிறை கிடைத்ததும், நயாகரா வட்டார ஷெரீஃபே உடந்தையாக இருந்து பின்னர் தண்டிக்கப்பட்டதும்தான். நீதிமன்றமே மேசன்களின் கையில் இருப்பதாக மக்கள் நம்பினார்கள். ஏலமன் ஏழாம் அதிகாரமும் இதையே சொல்கிறது: காடியாண்டன் கூட்டத்தார் நியாயாசனங்களைக் கைப்பற்றி, பணமுள்ள குற்றவாளிகளைத் தண்டிக்காமல் விடுகிறார்கள். மலைக்கொள்ளையருக்கு நீதிபதிப் பதவி எதற்கு? அந்நூலின் 3 நேபி என்ற பகுதியின் நான்காம் அதிகாரத்தில் அவர்கள் இடுப்பில் ஆட்டுக்குட்டித் தோலைக் கட்டி வருகிறார்கள். மேசன்கள் சடங்கின்போது இடுப்பில் கட்டும் ஏப்ரனும் ஆட்டுக்குட்டித் தோலே. நூல் வெளிவந்த மறு ஆண்டே, மதபோதகர் அலெக்சாண்டர் கேம்பல், பத்தாண்டுகளாக நியூயார்க்கில் பேசப்பட்ட சர்ச்சைகள் எல்லாவற்றுக்கும் ஸ்மித் தீர்ப்பு எழுதியிருப்பதாகச் சாடியபோது, அந்தப் பட்டியலில் ஃப்ரீமேசன் விவகாரத்தையும் சேர்த்தார்.

திண்ணைவாசகர்:
தோலைப் பார்த்த தாங்கள், அதே வசனத்தில் அவர்களுடைய மழித்த தலையையும் இரத்தத்தில் தோய்ந்த கோலத்தையும் தாண்டிப் போய்விட்டீர்களே. எந்த மேசன் மொட்டைத் தலையோடு சங்கக் கூடத்துக்குப் போனான்? நீதிமன்ற ஒற்றுமை வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையூட்டு வாங்கும் நீதிபதிகளை ஏசாயாவும் மீகாவும் சாடியிருக்கிறார்கள். விவிலியத்தில் ஊறிய எவரும் அதை அங்கிருந்தே எடுத்திருக்கலாம். 1842க்கும் தாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

சுவடிப்பித்தன்:
மிசௌரியிலிருந்து 1839 வாக்கில் துரத்தப்பட்ட ஸ்மித்தின் சமூகம், மதிப்புள்ள ஒரு சங்கத்தின் பாதுகாப்பை நாடியது என்பதே என் பதில். நூல் வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், வேறொரு மாநிலத்தில் நடந்த அச்சேர்க்கை, 1829இல் பென்சில்வேனியாவிலும் நியூயார்க்கிலும் ஆலிவர் கவுடரி எழுத எழுத ஸ்மித் சொல்லிச் சென்றபோது அவர் மனத்தில் இருந்ததை எப்படிக் காட்டும்?

திண்ணைவாசகர்:
அப்படியானால், மேசனாகச் சேர்ந்து இரண்டு மாதத்துக்குள், 1842 மே மாதத்தில், சத்தியமும் குறிகளும் ஏப்ரனும் கொண்ட ஆலயச் சடங்கை அவர் ஏன் நிறுவினார்? அவரை அஞ்சவைத்தது சங்கத்தின் வடிவம் என்றால் இது பொருந்தாது. கொலையையும் கொள்ளையையும் மறைக்கச் செய்யும் சத்தியத்தை மட்டுமே அந்த நூல் கண்டிக்கிறது என்றால் பொருந்தும். ஆனால் அப்போது காடியாண்டன் கூட்டம் மேசன்களாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.